பட்டியலின் முதல் வரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொறியியல் கலந்தாய்வைப் பற்றியவை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, விருப்பப் பட்டியலில் எதை முன்னால் எழுதுவது என்பதே எல்லோருடைய கவலையும். முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மின்னியல் கற்பித்தவள் நான். கலந்தாய்வு கிண்டியில் நேரடியாக நடந்த காலத்தில் சில கோடைகள் அந்தக் கூடத்தில் பணியாற்றியும் இருக்கிறேன். மஞ்சள் பையில் சான்றிதழ்களை அணைத்துக்கொண்டு, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்ற தாய் தந்தையரின் முகங்கள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. 2018 முதல் எல்லாம் இணையவழிக்கு மாறிவிட்டது. யோசிக்கச் சில நாள்கள் கிடைக்கின்றன. அந்த நாள்களை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் மகளின் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 186.5. பி.சி. பிரிவு. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இ.இ.இ. என்ற மின்னியல் பிரிவு கிடைக்கலாம் என்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பும் கிடைக்கும் போலிருக்கிறது. தோழிகள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று அவள் அதையே கேட்கிறாள். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டுத் தறி ஓட்டுகிறேன். எனக்கு வழிகாட்டுங்கள்.
— ஒரு தந்தை, குமாரபாளையம்

ஐயா, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மகளைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரு தறியை நிறுத்தி, அதன் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டின் மேல் படிந்த பஞ்சைத் துடைத்துவிட்டு, அதில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர் எல்லாம் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற இடத்தில் 960 அல்லது 1440 போல ஓர் எண் இருக்கும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. கணக்குப்படி அந்த மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1000 அல்லது 1500 முறை சுற்றும். மோட்டார் மட்டும் ஏன் கொஞ்சம் பின்தங்குகிறது? இதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். எண்ணைப் படித்துவிட்டு அவள் மேலே ஏதாவது கேட்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பின்தங்கலில்தான் தறியை இழுக்கும் விசையே பிறக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது ஏன் என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால், மின்னியல் அவளுக்கு ஏற்ற படிப்பு.

தோன்றாவிட்டால் குறை ஒன்றுமில்லை. பள்ளியில் கணினி அறிவியல் படித்தாளா, ஒரு நிரலைத் தானாக எழுதிப் பார்த்து, பிழை வந்தபோது இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து திருத்தியிருக்கிறாளா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவள் ஆசைக்கு அடிப்படை இருக்கிறது. தோழிகள் எழுதுகிறார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால், ஆறாம் மாதம் வகுப்பில் நிகழ்தகவும் அணிக்கோவையும் வரும்போது அந்தத் தோழிகள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

இனி கல்லூரிக்கு வருகிறேன். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945இல் தொடங்கியது. அதன் பிறப்பில் ஜி.டி. நாயுடுவின் பங்கு பெரிது. தடாகம் சாலையில் இருக்கிறது. பழைய கல்லூரி என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. பழைய மின்னியல் துறைகளில் ஓர் இயந்திர ஆய்வகம் இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்வின் பெரும்பகுதி அப்படிப்பட்ட கூடங்களில்தான் கழிந்தது.

சிமென்ட் மேடையில் ஒரு நேர்மின் மோட்டார் பூட்டியிருக்கும். சுவரோரம் மேசையில் ஸ்டார்ட்டர். அதன் கைப்பிடியை ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் ஃபியூஸ் போகும். முதல் நாள் மாணவி கைப்பிடியைத் தொடவே பயப்படுவாள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அச்சில் இருக்கும் பிரேக் டிரம்மைச் சுற்றிய பெல்ட்டை இறுக்கிச் சுமை ஏற்றுவோம். ஸ்பிரிங் தராசு இரண்டிலும் முள் நகரும். டிரம் சூடாகிவிடும் என்பதால் ஒருவர் குவளையில் தண்ணீர் எடுத்து அதன் உட்புறத்தில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் டேக்கோமீட்டரை அச்சின் நுனியில் அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர் ஆம்பியர் படித்துச் சொல்வார். நான்காவது ஆள் எழுதுவார். சுமை கூடக் கூட மோட்டாரின் குரல் மாறுவது காதில் விழும். அந்தக் குரல் மாற்றத்தைக் கேட்ட மாணவிக்கு அடுத்த நாள் வகுப்பில் திறன் வளைவரையைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருந்ததில்லை.

இதை நான்கு பேராகச் செய்வதா, பத்துப் பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதா? கல்லூரிக்குக் கல்லூரி உள்ள பெரிய வித்தியாசம் இது. எந்த விளம்பரத்திலும் இது வராது. நீங்கள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவுப் படிப்பின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது ஆழமான துறை. ஆனால் பல கல்லூரிகளில் அந்தப் பிரிவு கடந்த சில ஆண்டுகளில் தொடங்கப்பட்டது. எத்தனை அணிகள் பட்டம் பெற்று வெளியே வந்திருக்கின்றன, துறையில் பாடம் எடுப்பவர்கள் எதில் ஆய்வு செய்தவர்கள், போன ஆண்டு ஒரு வகுப்பாக இருந்தது இந்த ஆண்டு எத்தனை வகுப்பாகியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டில் நீக்கிவிட்டது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அந்த அமைப்பின் விதி. கணினிப் பிரிவுகள் இப்படிப் பெருகும்போது அதற்கேற்ற ஆசிரியர்கள் ஒரே கோடையில் கிடைத்துவிடுவார்களா என்பது என் உண்மையான கவலை.

இன்னொன்றும் இருக்கிறது. மின்னியல் படித்துக்கொண்டே நிரல் எழுதக் கற்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப் படிப்பை வேறு கல்லூரியில் படிப்பவர்களும் சேர்த்தே படிக்கிறார்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காணொளியில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் கணினிப் பிரிவில் சேர்ந்துவிட்டு அந்த மோட்டார் ஆய்வகத்தை வீட்டில் அமைத்துக்கொள்ள முடியாது. இங்கிருந்து அங்கே போகப் பாதை உண்டு. அங்கிருந்து இங்கே வருவது மிகக் கடினம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் 2017இல் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 என்றும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கலந்தாய்வு இணையதளத்தில் சரிபாருங்கள். விடுதி, பேருந்து, மற்ற வசூல்கள் அதற்கு மேல். உங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்குங்கள். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். அரசுக் கல்லூரியில் கட்டணமே மிகக் குறைவு. எட்டுத் தறி ஓட்டும் வீட்டுக்கு நான்கு ஆண்டில் இந்த வித்தியாசம் சின்னத் தொகை அல்ல.

என் பதிலைக் கேட்டீர்கள். நானாக இருந்தால் கோவை இ.இ.இ.யை முதலில் எழுதுவேன். ஆனால் எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களுக்கும் வேலைநாளில் அவளையும் அழைத்துப் போவேன். வரவேற்பறையில் உட்காராதீர்கள். வாசலுக்கு எதிரே டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நிற்பார்கள். போன பருவத்தில் உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர், அரியர் வைத்தவனுக்கு ஆசிரியர் தனியாகச் சொல்லித்தருகிறாரா என்று அவர்களிடம் கேளுங்கள். கல்லூரியின் உண்மையான முகம் அந்த பதிலில் இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகும் அவள் இரண்டாவதைத்தான் கேட்டால், அவள் பேச்சையே கேளுங்கள். நான்கு ஆண்டும் உட்கார்ந்து படிக்கப்போவது அவள்.

எனக்குக் கட்-ஆஃப் 171. தரவரிசைக்கு எட்டாத பெரிய கல்லூரிகளை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதை முதலில் எழுது என்கிறார் மாமா. சரியா மேடம்?
— ஒரு மாணவன், தென்காசி

தவறு தம்பி. மாமா அன்பில்தான் சொல்கிறார், ஆனாலும் தவறு. இந்த ஒரு தவறால் நல்ல இடத்தை இழந்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும்.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள். உன் சுற்றில் இருப்பவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது கணினி. உன் முறை வரும்போது உன் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே பொதுப் பிரிவிலோ உன் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதற்காக உன்னை யாரும் வரிசையில் பின்னால் தள்ளமாட்டார்கள். ஆனால் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதிவிட்டாயானால், அது கிடைத்த கணத்தில் கணினி அதோடு நின்றுவிடும். அதைவிட நல்ல இடம் உனக்காகக் காலியாக இருந்தாலும் கீழே போய்ப் பார்க்காது.

ஆகவே ஆசைப்படும் வரிசையில் எழுது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். போன ஆண்டு உன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, 171க்கு மேலே முடிந்தவை, அதை ஒட்டி முடிந்தவை, கீழே முடிந்தவை என மூன்று வகையிலும் சேர்த்துக்கொள். ஒரே ஒரு எச்சரிக்கை. போய்ச் சேர மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதே. கடைசி வரியில் இருப்பதும் கிடைக்கலாம்.

எழுதும்போது கல்லூரியின் பெயரைப் பார்க்காதே, குறியீட்டு எண்ணைப் பார். கிண்டி வளாகம் 1. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 2005. ஒரே அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகளின் பெயர்கள் ஒரு சொல்லில்தான் மாறுபடும். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் ஒரு சொல்லைக் கவனிக்காமல் எழுதி, நினைத்த கல்லூரிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த மற்றொன்றில் நான்கு ஆண்டு படித்தான். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இன்னொன்றும் கவனி. அதே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் அது சுயநிதி. கட்டணம் வேறு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகள் காட்டப்படும். கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டே, பட்டியலில் மேலே இருப்பவற்றில் இடம் காலியானால் தாருங்கள் என்று காத்திருக்கலாம். கிடைத்ததை மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகலாம். முழுதாக விலகலாம். உன் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பொருத்தம். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. முதல் வரியிலிருந்து கடைசி வரை வரிசை உன் மனதுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பட்டியலை முதலில் ஒரு நோட்டில் பென்சிலால் எழுது. பிறகு ஒன்றுக்கும் இரண்டுக்கும் எது வேண்டும், இரண்டுக்கும் மூன்றுக்கும் எது வேண்டும் என்று இரண்டு இரண்டாகக் கேட்டுக்கொண்டே கீழே வா. மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். எண்களைச் சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் நல்லது.

நாக் 'ஏ' என்கிறார்கள், என்.ஐ.ஆர்.எஃப். என்கிறார்கள், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று தட்டி வைத்திருக்கிறார்கள். எதை நம்புவது?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

நாக் தரமதிப்பீடு கல்லூரி முழுமைக்குமானது. நீங்கள் பார்க்க வேண்டியது என்.பி.ஏ. தரச்சான்று. அது பிரிவுக்குப் பிரிவு தனியாக வழங்கப்படுவது. இயந்திரவியலுக்கு இருந்து கணினிக்கு இல்லாமல் இருக்கலாம். எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. இடத்தைவிட, அதற்காகக் கல்லூரி கொடுத்த விவரப் படிவம் பயனுள்ளது. தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குறித்த நான்கு ஆண்டுக்குள் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். இடைநிலை என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. தட்டியில் போடும் உச்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. உங்கள் பிள்ளை நடுவில் நிற்க வாய்ப்பு அதிகம் என்பதால் நடுவில் நிற்பவரின் கணக்கைப் பாருங்கள். நூறு சதவீதம் என்றால் யாரில் நூறு என்று கேளுங்கள். வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதியாதவர்களும் அரியர் வைத்தவர்களும் அந்தக் கணக்கில் வராமல் போகலாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தால் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காதா?
— ஒரு மாணவி, விருதுநகர்

கிடைக்கும். இணைப்புக் கல்லூரி தன்னாட்சி பெற்றிருந்தால் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியுடையவை. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் என் மகனுக்கு இடம் தருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சம். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அரசுக் கலந்தாய்வு முடியக் காத்திருந்தால் இது போய்விடும் என்று பயமாக இருக்கிறது. கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். கடன் வாங்கலாமா?
— ஒரு தாய், தருமபுரி

அம்மா, அந்த அவசரம் அவர்களுடையது. நீங்கள் அதைச் சுமக்காதீர்கள்.

இரண்டு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு எட்டு லட்சம். விடுதியும் உணவும் இதில் சேரவில்லை. எட்டு லட்சத்தைப் பத்து சதவீத வட்டிக்குப் பத்து ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதம் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்கமாட்டார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வேலையில் அவன் வாங்கப்போகும் சம்பளத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகையும் சாப்பாடும் போக இந்தத் தொகை மிஞ்சுமா என்று அவனையே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழரை லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்காமல் கொடுக்கின்றன. குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்தாது. வங்கி மேலாளரிடம் அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தால் ஒன்றை மறக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கையை விட்டு விடாதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் காலக்கெடுப்படி விதி இருக்கிறது. அந்த அறிவிப்புக்கு முன்பு, என் அக்கா மகன் ஒரு கல்லூரியில் அசலைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தபோது ஒன்பது நாள் அலைந்தான். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னார்கள். அக்கா அந்தக் கல்லூரி வாசலில் புளியமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பத்தாம் நாள் கிடைத்தது. அதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்திருந்தது.

உங்கள் மகனின் கட்-ஆஃபை எழுதவில்லையே. அதை எனக்கு எழுதுங்கள். அரசுக் கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இந்த இடம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று எப்படிச் சொல்வது?

நான் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல்-கருவியியல் கிடைக்க வாய்ப்பு இருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். எனக்கு ஆங்கிலம் பேச வராது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, பேருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது, அங்கே போதும் என்கிறார் அம்மா. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.
— ஒரு மாணவி, போளூர் அருகே

மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குரோம்பேட்டைக்குப் போ.

எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் தொடங்கிய நிறுவனம். இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகக் கல்லூரிகளில் ஒன்று. பெண்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி. உன் ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்குக்கு வரும். அம்மாவிடம் இதை முதலில் சொல். பணத்தைச் சொல்லாமல் விட்டு, பயத்தை மட்டும் பல அம்மாக்கள் சொல்வார்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1980இல் நான் பொறியியல் சேர்ந்தபோது என் நிலையும் உன் நிலைதான். வரைபட வகுப்பில் முதல் வாரம், ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு அளவுகளை எழுதிவிட்டு "எலிப்ஸ்" என்றார். சுற்றி இருந்த எல்லோரும் பலகையில் தாளைப் பொருத்தி வரையத் தொடங்கினார்கள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். சீவிச் சீவிப் பென்சில் பாதியாகிவிட்டது. கடைசியில் பக்கத்துப் பெண்ணின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். நீள்வட்டம்! அதன் சமன்பாடு, குவியங்கள், அச்சுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளியில் நூற்றுக்கு தொண்ணூற்றேழு வாங்கியவள். கணக்கு தெரிந்திருந்தது, ஒரு சொல்தான் தெரியவில்லை.

அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். வகையீடு, தொகையீடு, முடுக்கம், மின்னழுத்தம், மின்தடை என்று நாளுக்கு ஐந்து சொல். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நோட்டு நிறைந்துவிட்டது. முதல் பருவத்தில் ஒரு தாளில் தோற்றேன். அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். நீயும் ஒன்றில் தோற்கலாம். அதைக் கண்டு பெட்டியைக் கட்டாதே. உனக்கு வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, நோட்டை இன்றே தொடங்கு. உன் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை வாங்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படி. கணக்கு ஒன்றுதான் என்பதால் சொற்கள் தாமாகவே புலப்படும்.

உன்னைப் போல் பயந்துகொண்டே வாசலைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்து 1943இல் பட்டம் பெற்ற அ. லலிதாவை எண்ணிப் பார்க்கிறேன். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரிக்கு அவரை அழைத்துப் போனவர் அங்கே பேராசிரியராக இருந்த அவர் தந்தை. லலிதா பின்னாளில் மின்கடத்துத் தடங்களை வடிவமைத்தார், பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் இருந்தார். உன் தந்தை பேராசிரியர் இல்லை என்று நீ நினைக்கலாம். அந்த இடத்தில் உனக்கு உன் ஆசிரியர் இருக்கிறார். கிடைக்கும் என்று உன்னிடம் சொன்னவர் அவர்தானே.

பக்கத்துத் தனியார் கல்லூரியை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் பேருந்து நிற்கிறது என்பது நான்கு ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் காரணம் அல்ல. அம்மாவை ஒருநாள் சென்னைக்கு அழைத்துப் போ. புறநகர் ரயிலில் குரோம்பேட்டையில் இறங்கினால் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. விடுதி வாசலையும், அங்கே போகும் பெண்களையும் அம்மா தன் கண்ணால் பார்க்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று சரியாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை வேறோர் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அந்த ஆண்டுகளும் விடுபடக் கூடாது. நாளைக் காலையே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, ஆண்டுகள் மூன்றையும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு பதிவேற்று.